பம்பரத்தின் முதல் எழுத்து

அரபியில் ப இல்லை.
அப்படி ஒரேயடியாகவும் சொல்லிவிட முடியாது.
பம்பரத்தின் நடுவே வருகிற ப உண்டு,
முதலில் வருகிற ப தான் இல்லை.

ஷார்ஜாவுக்கு வந்த மூன்றாம் நாள்
ரோலாவில் ஒரு டைப்பிங் சென்டரில்
இதைத் தெரிந்துகொண்டேன்.
ஃபவ்ஸி என்கிற எகிப்துக்காரர்
பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பொற்கொடி, என்றேன்.
நெற்றியைத் துடைத்துக்கொண்டார்,
ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.
நான்கு முறை தட்டி, இரண்டு முறை அழித்து
கடைசியில் வெளியே வந்த தாளில்
முதல் ப நடு ப ஆகி
ட வுக்கு நாக்கு மடங்காமல்
நான் புர்குதி ஆகியிருந்தேன்.

புர்குதி.
வண்டியைக் கிளப்பிவிட்டுக்
குதிக்கச் சொல்வதுபோல.

ஒரு மாதம் அழாத குறை.
கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன கிளினிக்கில்
புர்குதி, புர்குதி, புர்குதி என்று கூப்பிட்டபோது
யாரந்தப் பாவப்பட்ட பெண் என்று
நானும் சுற்றிப் பார்த்தேன்.
நாலு பேர் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள்.

லைசென்ஸுக்கு ஆறு முறை தோற்றேன்.
ஏழாவது முறை பக்கத்தில் உட்கார்ந்த போலீஸ் அம்மா
பார்க்கிங், என்றார்,
நடு ப போட்டு.
ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள்
அந்த இடத்தில் குரைத்திருக்க வேண்டும்.
எனக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து,
நிறுத்தினேன்.
பின்னால் ஒரு கூம்பு சாய்ந்தது.
அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குத் தும்மல் வந்தது.

பிறகுதான் புர்குதியால்
உபயோகம் இருப்பது தெரிந்தது.
வெள்ளிக்கிழமை மத்தியானத் தூக்கத்தில்
கடன் அட்டை வேண்டுமா என்று எழுப்பும் பையனிடம்
அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்பேன்.
எப்ப வருவாங்க மேடம்?
தெரியலையேப்பா, சொல்லிட்டுப் போகலை.
அல் நஹ்தா பக்கம்
கேமரா பளிச்சென்று பிடித்ததும் அவளைத்தான்.
அபராதத்தை மட்டும் நான் கட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து
விசா புதுப்பிக்கப் போனேன்.
ஆ, கஷ்டமான பெண், என்றார் ஃபவ்ஸி.
பெயரைச் சொல்கிறார் என்றே
எடுத்துக்கொண்டேன்.
கூட்டம் இல்லை.
என் பெயரை உன் எழுத்தில் எழுது பார்ப்போம், என்றார்.
மாட்டிக்கொண்டேன்.
எங்களிடம் இரண்டு ப வும்
ஒரே அறையில் ஷேரிங்.
உதட்டைக் கடித்துச் சொல்கிற அவருடைய எழுத்துக்கோ
பெட் ஸ்பேஸ்கூடக் கிடையாது.
முன்னால் மூன்று புள்ளி வைத்து
பக்கத்தில் ஒரு ப வை நிற்கவைத்து
ஒருவழியாய் ஒப்பேற்றினேன்.

மூன்று புள்ளியா!
மேசையைத் தட்டினார்.
தேநீர் தளும்பி யாருடைய விண்ணப்பத்திலோ விழுந்தது.
என் ரசீதைப் பிடுங்கித் திருப்பி
அரபியில் என்னை எழுதி
முதல் எழுத்தின் வயிற்றுக்குக் கீழே
மூன்று புள்ளி குத்தினார்.
ஈரான்காரர்கள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்,
கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது,
நீ வைத்துக்கொள்.

போன் உறைக்குள் வைத்திருக்கிறேன்.
அச்சடித்த தொகையெல்லாம் மங்கிவிட்டது.
பேனா குத்திய இடம் இருக்கிறது.

நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்த
கடைவாய்ப் பல்லை
நேற்று ஒருவழியாகப் பிடுங்கினார்கள்.
புர்குதி என்று முதல் கூப்பாட்டுக்கே
எழுந்துவிட்டேன்.
வெளியே மருந்து வாங்கும் இடத்தில்
பெயர் என்ன என்று கேட்டார்கள்.
ஊசி போட்டு உதடு மரத்திருந்தது.
சொல்லிப் பார்த்தேன்:
ஒற்கொடி.
சரி, அவளையாவது கூப்பிடுவோம் என்றால்
உர்குதி.

இரண்டு ப வும் இல்லாமல்
கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு
சிரித்தேன்.
கொஞ்சம் ரத்தம் வந்தது.